"என்னை எலியாக்கப் பாக்கியா?" - பெரியம்மா கேட்ட ஐந்து கேள்விகள்

தமிழில் 'சோதனை' என்ற சொல்லுக்கு இரண்டு முகங்கள். ரத்தம் எடுத்துப் பார்ப்பதும் சோதனைதான். கடன், நோய், கல்யாணத் தடை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது "கடவுளே, இதென்ன சோதனை" என்று தலையில் கைவைப்பதும் சோதனைதான். ஒரு புதிய மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்து, அது வேலை செய்கிறதா, தொந்தரவு தருகிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சியையும் நாம் 'மருந்துச் சோதனை' என்றுதான் எழுதுகிறோம். படிப்பவர் மனதில் இரண்டில் எது முதலில் வரும் என்று நினைக்கிறீர்கள்?

நான் இந்த இதழின் டிஜிட்டல் பிரிவில் வேலை பார்க்கிறேன். "சர்க்கரை நோய்க்குப் புதிய மாத்திரை", "புற்றுநோய்க்குப் புது ஊசி" என்று தலைப்பு வைத்தால் போதும், அந்தச் செய்தியைப் பல்லாயிரம் பேர் திறந்து பார்ப்பார்கள். எங்கே கிடைக்கும், என்ன விலை, கர்ப்பிணிகள் சாப்பிடலாமா என்று கமென்ட்டில் கேள்விகள் குவியும். அந்த மாத்திரையை முதன்முதலில் விழுங்கிப் பார்த்தவர் யார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வி போன வருடம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டது.

எனக்குச் சொந்த ஊர் பாவூர்சத்திரம். தென்காசியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து குற்றாலத்துக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரைக் கடந்து போயிருப்பீர்கள். காய்கறிச் சந்தையும் கேரளாவுக்கு லோடு ஏற்றும் லாரிகளும் கண்ணில் பட்டிருக்கும். வீடுகளுக்குள் நடக்கும் தொழில் வெளியே தெரியாது. மடியில் சொளவை வைத்துக்கொண்டு, பெண்கள் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். என் பெரியம்மாவும் அவர்களில் ஒருத்தி. வயது ஐம்பத்தெட்டு. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை.

போன வருடம் காலில் ஒரு புண் ஆறவில்லை என்று நகரத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அழைத்துப் போனோம். பெயர் வேண்டாம். புண் ஆறிவிட்டது. ஆனால் அங்கே ஒரு டாக்டர், "சர்க்கரைக்கு ஒரு புது மருந்து ஆராய்ச்சி நடக்கிறது. நீங்கள் சேர விரும்புகிறீர்களா? யோசித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டு, ஒரு தடித்த காகிதக் கட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

அன்று சாயங்காலமே குடும்ப வாட்ஸ்அப் குழு தீப்பற்றிக்கொண்டது. "வேண்டவே வேண்டாம்" என்று சின்ன மாமா. "ஃப்ரீயா டெஸ்ட் எல்லாம் எடுப்பாங்க, சேரட்டும்" என்று துபாயில் இருக்கும் அண்ணன். "ஊருல வேற ஆளா இல்ல? நம்ம வீட்டு ஆள்தான் கிடைச்சுதா?" என்று பெரியப்பா. கடைசியில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பேப்பரில் வேலை பார்க்கிறவளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமாம்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். பெரியம்மா பீடி இலையை வெட்டிக்கொண்டே கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறேன். மருந்து ஆராய்ச்சிகளுக்கு ஏன் ஆள் கிடைப்பதில்லை என்பதற்கான பதில் அவற்றில்தான் இருந்தது.

1. "ஏட்டி, என்னைச் சோதனை எலியாக்கப் பாக்கியா?"

இந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்கு வரலாறு இருக்கிறது.

2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கான ஹெச்.பி.வி தடுப்பூசி, 10 முதல் 14 வயது வரையிலான பெண் குழந்தைகளுக்குப் போடப்பட்டது. 'பாத்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மாநில அரசுகள் ஆகியவை சேர்ந்து நடத்திய திட்டம் அது. ஏழு சிறுமிகள் இறந்ததாகச் செய்தி வந்ததும், 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணம் அல்ல என்றது விசாரணை. ஆனால் அதே விசாரணையில் வேறொன்று வெளியே வந்தது. கம்மத்தில் பல சிறுமிகளுக்குப் பெற்றோரிடம் சம்மதம் வாங்கவில்லை. விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

அதே காலகட்டத்தில் 'ஸ்வாஸ்த்ய அதிகார் மஞ்ச்' என்ற அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கில் மத்திய அரசு ஒரு கணக்குக் கொடுத்தது. 2005 முதல் 2012 வரை புதிய மருந்துகளின் ஆராய்ச்சியில் கலந்துகொண்டவர்களில் 2,644 பேர் இறந்திருந்தார்கள். அவற்றில் 80 மரணங்களுக்கு ஆராய்ச்சியே காரணம்.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். முற்றிய புற்றுநோய், இதயநோய் என்று ஏற்கெனவே ஆபத்தான நிலையில் இருப்பவர்களும் இத்தகைய ஆராய்ச்சிகளில் சேருகிறார்கள். அதனால் எல்லா மரணத்தையும் மருந்தின் தலையில் கட்ட முடியாது. அதற்காக 80 என்பது சின்ன எண்ணும் அல்ல. அந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருந்திருக்கும், எங்கள் பெரியம்மாவுக்கு இருப்பதுபோல.

நீதிமன்றம் தலையிட்ட பிறகு விதிகள் இறுகின. புதிய மருந்துகளும் மருத்துவ ஆராய்ச்சிகளும் தொடர்பான விதிகள் 2019-ல் புதிதாக வந்தன. ஆனால் விதி மாறிய செய்தி ஊர்த் திண்ணைக்கு வந்து சேரவில்லை. 'எலி' என்ற சொல் மட்டும் வந்து சேர்ந்துவிட்டது.

பெரியம்மாவிடம் சொன்னேன். "எலிகிட்ட யாரும் சம்மதம் கேக்கிறதில்ல பெரியம்மா. உங்கிட்ட கேக்காங்க. வேண்டாம்னு சொன்னா விட்டுருவாங்க. நடுவுல வேண்டாம்னு தோணினாலும் வந்துரலாம். அதுக்காக உனக்குக் குடுக்கிற வைத்தியத்தை நிறுத்தக் கூடாது. அது சட்டம்."

"சட்டம் இருக்கு, சரி. அவங்க அதும்படி நடக்காங்களான்னு யாரு பாக்கா?" என்றாள்.

அதையும் சொன்னேன். ஒவ்வொரு ஆராய்ச்சிக்கும் ஒரு நெறிமுறைக் குழு அனுமதி கொடுக்க வேண்டும். அதில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். பாதிப் பேராவது அந்த ஆஸ்பத்திரிக்கு வெளியே உள்ளவர்களாக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவர் ஒருவர், மருத்துவத் துறைக்குச் சம்பந்தம் இல்லாத சாதாரண ஆள் ஒருவர், பெண் ஒருவர் கட்டாயம். முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே, இந்திய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் ஆராய்ச்சியைப் பதிவு செய்ய வேண்டும். 2007-ல் தொடங்கிய இந்தப் பதிவேட்டில் பதிவது 2009-லிருந்து கட்டாயம். இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். அங்கேயே உட்கார்ந்து என் போனில் தேடிக் காட்டினேன். அந்த ஆராய்ச்சி இருந்தது. பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

2. "வெறும் மாத்திரை விழுந்தா என்ன செய்ய?"

அந்தக் காகிதக் கட்டு தமிழில்தான் இருந்தது. ஆனால் அது எந்த ஊர்த் தமிழ் என்றுதான் தெரியவில்லை. 'பங்கேற்பாளர் தோராயமாக்கப்பட்ட முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவார்' என்கிற பாணியில் பக்கம் பக்கமாக ஓடியது. பெரியம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவள். தினமும் பேப்பர் வாசிக்கிறவள். அவளாலேயே இரண்டாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. இதழியல் படித்த எனக்கே சில வரிகளை மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது.

அதில் ஒரு சொல்லைப் பார்த்து வீடே அதிர்ந்துபோயிருந்தது. 'போலி மருந்து.' நம் ஊர்ச் செய்தித்தாளில் அந்தச் சொல் எப்போது வரும்? கலப்பட மாத்திரை விற்றவரைப் போலீஸ் பிடிக்கும்போது வரும். "போலி மருந்து குடுப்போம்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்களே, இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்று மாமா கேட்டதில் என்ன தப்பு?

அவர்கள் சொல்ல வந்தது, மருந்து இல்லாத மாத்திரை. பார்க்க அசல் மாத்திரைபோலவே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது. இரண்டு குழு பிரிப்பார்கள். ஒரு குழுவுக்குப் புது மருந்து. இன்னொரு குழுவுக்கு மருந்தில்லாத மாத்திரை, அல்லது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் மருந்து. யாருக்கு எது என்பதை டாக்டரும் முடிவு செய்ய மாட்டார், நோயாளியும் முடிவு செய்ய மாட்டார். குலுக்கல்தான். பெரும்பாலும் இரண்டு பேருக்குமே எது கிடைத்தது என்று கடைசிவரை தெரியாது.

"ஏலச்சீட்டுல குலுக்கிப் போட்டு எடுப்பாங்கல்லா, அந்த மாதிரி" என்றேன். உடனே பிடித்துக்கொண்டாள். "அப்பம், பிடிச்ச ஆளுக்கு நல்ல மருந்தும் பிடிக்காத ஆளுக்கு வெறும் மாத்திரையும் குடுக்க முடியாது."

அவ்வளவுதான். அந்தப் பல பக்கங்களின் சாரத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டாள். குலுக்கல் இல்லாவிட்டால், தெம்பாக இருப்பவர்களுக்குப் புது மருந்தைக் கொடுத்துவிட்டு "பார்த்தீர்களா, வேலை செய்கிறது" என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம்.

ஆனாலும் பயம் போகவில்லை. "எனக்கு வெறும் மாத்திரை விழுந்து, சர்க்கரை ஏறிட்டுன்னா?" என்று கேட்டாள். இது எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி. ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளரான பெண்ணுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னார். பெரியம்மா ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள் தொடரும். அவற்றுக்கு மேல்தான் இந்தப் புது மாத்திரையோ வெறும் மாத்திரையோ. சர்க்கரை ஒரு அளவைத் தாண்டினால் உடனே வேறு மருந்து கொடுப்பார்கள். இதுவும் அந்தக் காகிதத்தில் இருந்ததுதான். பதினான்காம் பக்கத்தில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில்.

ஆஸ்பத்திரிகளுக்கும் மருந்து நிறுவனங்களுக்கும் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்காரியாக என் வேண்டுகோள் இது. சம்மதப் படிவத்தை மொழிபெயர்க்கக் கொடுக்கும் செலவில் ஒரு சின்னப் பங்கைச் செலவு செய்து, எழுதிய பிறகு பீடி சுற்றும் பெண்கள் நான்கு பேரிடம் அதைப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார்களோ, அந்த இடத்தைத் திரும்ப எழுதுங்கள்.

3. "நான் போய்ட்டா பீடி யாரு சுத்துவா?"

பயமும் மொழியும் தாண்டிய பிறகு வந்தது பஸ். ஆராய்ச்சி நடக்கும் ஆஸ்பத்திரிக்கு ஒரு வருடத்தில் பதினோரு முறை வர வேண்டும். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்பதால், விடிவதற்கு முன்பே பஸ் ஏற வேண்டும். சர்க்கரைக்காரியைத் தனியாக அனுப்ப முடியாது. கூட ஒருவர் போக வேண்டும். போக்குவரத்துக் கட்டணமும் சாப்பாடும் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவளுக்கு, ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போனது. கூடப் போகும் மதினிக்கும் ஒரு நாள் கூலி போனது.

ஆராய்ச்சியில் சேர்கிறவர்களுக்குப் பயணச் செலவோடு, இழந்த கூலியையும் ஈடுகட்டலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. பணத்தைக் காட்டி ஆசையைத் தூண்டக் கூடாது என்றும் அதுவே சொல்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே கோடு போடுவது கஷ்டம்தான். நிறையக் கொடுத்தால், ஏழைகளை விலைக்கு வாங்கியதாகிவிடும். குறையக் கொடுத்தால், கூலியை விட்டுவிட்டு வர முடிந்தவர்கள் மட்டுமே வருவார்கள்.

ஆராய்ச்சிக்குள் மக்களை எப்படிக் கொண்டுவருவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆராய்ச்சியை மக்களிடம் கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து தொடங்கிய மையம். பிரிட்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார்.

காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும், நல்ல சாப்பாடும் ஓய்வும் வேண்டும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. சென்னையின் எத்தனையோ ஏழை நோயாளிகளுக்கு அந்தப் படுக்கை கிடைக்கவில்லை. எனவே குலுக்கல் முறையில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு சானடோரியம். மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலேயே மாத்திரை. நெருக்கடியான, சாப்பாட்டுக்கே திண்டாடும் வீடுகள். சுகாதாரப் பார்வையாளர்கள் வீடு தேடிப் போனார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீர் சோதித்தார்கள்.

1959-ல் வெளியான முடிவு மருத்துவ உலகத்தையே திருப்பிப் போட்டது. வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குணம் கிடைத்திருந்தது. வீட்டில் இருந்ததால் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. இன்று எந்த நாட்டிலும் காசநோயாளிகள் வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிடுகிறார்கள் என்றால், சென்னையில் அன்று அந்த ஆராய்ச்சியில் இருந்த இருநூறுக்கும் குறைவான நோயாளிகள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அவர்கள் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அந்த மையம்தான் இப்போது சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

ஆராய்ச்சி வீடு தேடி வந்ததால்தான் அவர்களால் அதில் இருக்க முடிந்தது. பாவூர்சத்திரத்தில் இல்லாவிட்டாலும், தென்காசி அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்க ஏற்பாடு இருந்திருந்தால், பெரியம்மாவின் மூன்றாவது கேள்விக்கு அவசியமே வந்திருக்காது.

"நமக்கெதுக்கு? ஊருல வேற ஆளா இல்ல?"

இது பெரியப்பாவின் கேள்வி. ஐந்தில் இதைச் சேர்க்கவில்லை. ஆனால் பதில் சொல்லாமல் விட முடியாது.

கொரோனா காலம் ஞாபகம் இருக்கிறதா? கோவாக்சின் தடுப்பூசியின் மூன்றாம் கட்ட ஆராய்ச்சி 2020 நவம்பரில் தொடங்கியது. 25,800 பேர் தேவை. டிசம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் போதிய ஆள் கிடைக்காமல் திணறியது செய்தியானது. காரணம் பயம் மட்டும் அல்ல. "தடுப்பூசிதான் எப்படியும் வரப்போகிறதே, வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்று பலர் நினைத்தார்கள். எல்லோரும் அப்படியே நினைத்திருந்தால் தடுப்பூசி வந்திருக்காது. 2021 ஜனவரி முதல் வாரத்தில் 25,800 பேரும் சேர்ந்துவிட்டார்கள். யாரோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் சரி என்று சொன்னதால்தான் அது நடந்தது.

உங்கள் இடது தோளைத் தொட்டுப் பாருங்கள். பிறந்தபோது போட்ட பி.சி.ஜி ஊசியின் தழும்பு பலருக்கு அங்கே இருக்கும். அந்த ஊசி காசநோயைத் தடுக்கிறதா என்று அறியும் மிகப் பெரிய ஆராய்ச்சி, 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கியது. மூன்றரை லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்து, இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு பி.சி.ஜி-யோ மருந்தில்லாத ஊசியோ போட்டார்கள். முடிவு ஏமாற்றம்தான். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. குழந்தைகளைத் தாக்கும் கடுமையான காசநோய் வகைகளைத் தடுக்கிறது என்பதால்தான் இன்றும் பச்சைக் குழந்தைகளுக்குப் போடுகிறோம். ஒரு மருந்து எதைச் செய்யாது என்று தெரிந்துகொள்ளவும் நம் ஊர் ஜனங்கள் கையை நீட்ட வேண்டியிருந்தது.

பெரியப்பா கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. தோளை மட்டும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

4. "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

இதைக் கேட்கும்போது பெரியம்மா கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள்.

2019 விதிகளின்படி, ஆராய்ச்சியில் இருக்கும்போது உடம்புக்குப் பாதிப்பு வந்தால் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். தேவைப்படும் வரை, அல்லது பாதிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் சம்பந்தம் இல்லை என்று உறுதியாகும் வரை அது தொடர வேண்டும். ஆராய்ச்சியால்தான் பாதிப்பு என்றால், நஷ்டஈடு தர வேண்டும். உயிர் போனால் வாரிசுக்குத் தர வேண்டும். வயது, ஏற்கெனவே இருந்த நோயின் தீவிரம் ஆகியவற்றை வைத்துத் தொகையைக் கணக்கிடும் சூத்திரமும் விதியிலேயே இருக்கிறது. அதனால்தான் படிவத்தில் வாரிசின் பெயர் கேட்கிறார்கள்.

வாரிசின் பெயர் என்று சொன்னதும் மதினி அழுதுவிட்டாள். மருந்து ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கிறவர்கள் இந்த இடத்தை நேரில் பார்க்க வேண்டும். உங்களுக்கு அது பூர்த்தி செய்ய வேண்டிய ஒரு கட்டம். எங்கள் வீட்டில் அது சாவைப் பற்றிய பேச்சு. இன்சூரன்ஸ் பாலிசியிலும் பேங்க் கணக்கிலும் வாரிசு பெயர் கேட்கிறார்களே என்று பெரியம்மாதான் மதினியைத் தேற்றினாள்.

எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால், சம்பந்தமில்லாத ஒரு சாட்சியை அருகில் வைத்துக்கொண்டு படித்துக்காட்டிய பிறகே கைநாட்டு வாங்க வேண்டும். கையெழுத்துப் போட்ட படிவத்தின் ஒரு பிரதியை நமக்குக் கொடுக்க வேண்டும். அதை வாங்காமல் வராதீர்கள்.

5. "மருந்து நல்லா வேலை செஞ்சா, அப்புறமும் எனக்குக் கிடைக்குமா?"

எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. சொல்லப்போனால், இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதையே பெரியம்மா கேட்டபிறகுதான் யோசித்தேன். விதிகளைத் தேடிப் படித்தேன். பதில் இருந்தது. ஆராய்ச்சி முடிந்த பிறகும் அந்த மருந்தை நிறுவனம் இலவசமாகக் கொடுக்க வழி இருக்கிறது. அதற்கு நிபந்தனைகள் உண்டு. அந்த நோய்க்கு வேறு சிகிச்சை இல்லாமல் இருக்க வேண்டும். மருந்து அந்த நோயாளிக்குப் பயன் தந்திருக்க வேண்டும். ஆராய்ச்சி செய்யும் மருத்துவர் பரிந்துரைக்க வேண்டும். நெறிமுறைக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும்.

சர்க்கரைக்கு வேறு மருந்துகள் எத்தனையோ இருக்கின்றன. எனவே பெரியம்மாவுக்கு நேர்மையான பதில், 'அநேகமாகக் கிடைக்காது' என்பதுதான். அதை மறைக்காமல் சொன்னேன். வீட்டில் எல்லோரும் அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தோம்.

பெரியம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "உள்ளதைச் சொல்லிட்ட. அது போதும். நான் சேருதேன்" என்றாள்.

எல்லாவற்றையும் இனிப்பாகச் சொன்ன அண்ணனின் வாய்ஸ் மெசேஜ் அவளை அசைக்கவில்லை. 'கிடைக்காது' என்ற பதில்தான் அசைத்தது. ஆள் சேர்க்கும் வேலையில் இருக்கும் யாராவது இதைப் படித்தால், இந்த ஒரு இடத்தை மட்டும் இன்னொரு முறை படியுங்கள்.

அதற்குப் பிறகு நடந்தது

மூன்று வாரம் கழித்து, மதினியோடு முதல் பஸ்ஸில் போய்க் கையெழுத்துப் போட்டாள். அவர்கள் வைத்த சாட்சியிடம் அந்த ஐந்து கேள்விகளையும் திரும்பக் கேட்டாளாம். ரத்தம், சிறுநீர், இ.சி.ஜி எல்லாம் எடுத்தார்கள். நான்கு நாள் கழித்து போன் வந்தது. சிறுநீரகம் வேலை செய்யும் அளவு, ஆராய்ச்சிக்கு வகுத்த எல்லைக்குக் கீழே இருக்கிறதாம். அவளைச் சேர்க்க முடியாதாம்.

"நான் சரின்னு சொன்ன பொறவு அவங்க வேண்டாம்னுட்டாங்க, பாத்தியா" என்று சிரித்தாள். சிரிப்பில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

ஆள் கிடைக்காமல் போவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். சரி என்று சொன்னவர்கள் எல்லோரும் உள்ளே போய்விட முடியாது. சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையில் சர்க்கரை நோயைத் தடுப்பது பற்றி ஓர் ஆராய்ச்சி நடந்து, 2006-ல் முடிவு வெளியானது. நடைப்பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு போன்றவையே சர்க்கரை வருவதைக் கணிசமாகக் குறைக்கும் என்று நம் மக்களை வைத்தே காட்டிய ஆராய்ச்சி அது. அதற்குத் தேர்வானவர்கள் 531 பேர். அந்த 531 பேரைக் கண்டுபிடிக்க, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது.

எல்லைகள் வகுப்பதில் நியாயம் இருக்கிறது. பலவீனமான சிறுநீரகத்தில் புது மருந்தைச் சோதிப்பது ஆபத்து. ஆனால் நாளை அந்த மருந்து கடைக்கு வரும்போது வாங்கிச் சாப்பிடப் போவது யார்? பன்னிரண்டு வருடச் சர்க்கரையும் தளர்ந்த சிறுநீரகமும் உள்ள பெரியம்மாக்கள்தானே? அவர்களுக்கு அது எப்படி வேலை செய்யும் என்பதற்கும் ஒரு நாள் யாராவது பதில் கண்டுபிடிக்க வேண்டும்.

பெரியம்மாவுக்கு ஒரு நன்மை நடந்தது. சிறுநீரகம் தளர்ந்து வருவது அந்தப் பரிசோதனையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் மாத்திரைகளை மாற்றி எழுதினார். ஊறுகாயும் கருவாடும் குறைந்தன. மூட்டு வலிக்கு மெடிக்கலில் சொல்லி வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையை நிறுத்தியாயிற்று.

கையெழுத்துப் போட்ட படிவத்தின் பிரதி இப்போது பீரோவில், ரேஷன் கார்டுக்குக் கீழே இருக்கிறது. போன மாதம் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு அக்கா வந்தாள். அவள் மகனுக்கு ரத்தப் புற்றுநோய். மதுரையில் ஒரு மருந்து ஆராய்ச்சியில் சேரச் சொல்கிறார்கள் என்று கையில் ஒரு காகிதக் கட்டோடு நின்றாள். பெரியம்மா பீரோவைத் திறந்து தன் பிரதியை எடுத்து வந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். மதினி போனில் சொன்னாள்.

"சேரச் சொன்னியா, வேண்டாம்னு சொன்னியா பெரியம்மா?" என்று கேட்டேன்.

"நான் யாருட்டி அதைச் சொல்ல? என்னென்ன கேக்கணும்னு சொல்லிக் குடுத்தேன். கேட்டுட்டு வந்து, அவளும் அவ மகனும் முடிவு பண்ணட்டும்."